பென்சில் பிரிண்ட்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்தைப் படிக்கச் சிரமமாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம், அதுவும் நாலாம் வகுப்பு வரைக்கும்தான். தமிழ் எழுத்தை அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாள். எங்கே சின்ன ரகரம், எங்கே பெரிய றகரம் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். அவசரத்தில் மலையாள எழுத்து ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் அது இதைவிட மோசம். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலும் வராது. நான் எழுதப்போகிற காரியமே அதனால் வந்ததுதான்.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அப்பா கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பொளிக்கடையில் வேலை பார்த்தார். பொளிப்பது என்றால் இங்கே உடைத்துப் பிரிப்பது. விபத்தில் நசுங்கிய கார், ஜீப், வேன் எல்லாம் அங்கே வரும். அப்பா அவற்றை கேஸ் வைத்து அறுத்து, எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி, கதவு தனி என்று அடுக்குவார். அம்மாவின் தம்பியையும் ஊரிலிருந்து அழைத்து வந்து அதே கடையில் சேர்த்துவிட்டிருந்தார். கடை மிளகுக் குடோன்களுக்குப் பின்னால் இருந்தது. அதற்கும் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. சனி, ஞாயிறுகளில் நான் விளையாடும் இடம் அந்தக் கடைதான்.

நசுங்காத வண்டிகளும் வரும். பளபளவென்று ஒரு வேன் வந்தது. பின்சீட்டில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. நல்ல வண்டியை எதற்கு உடைக்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "உள்ளுக்குள்ள சீக்கு" என்றார். மனிதரைப் போல வண்டிக்கும் வெளியே தெரியாத வியாதி வரும் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமாவின் வேலை எண்கள். ஒவ்வொரு வண்டியின் உடம்பிலும் எஞ்சினிலும் கம்பெனிக்காரன் ஒரு எண்ணை அடித்து அனுப்புவான். நசுங்கிய வண்டியின் எண் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து மாமா பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்ப்பார். கறுப்புக்கு நடுவில் எண்கள் வெள்ளையாக எழுந்து வரும். இதற்குப் பென்சில் பிரிண்ட் என்று பெயர். பிறகு நசுங்காத வண்டியின் எண்ணைக் கிரைண்டரால் ராவி எடுத்துவிட்டு, பிரிண்டைப் பார்த்து அதே வடிவத்தில், அதே இடைவெளியில் புது எண்ணை அடிப்பார். கொச்சியில் அந்தக் கை வேறு யாருக்கும் இல்லை என்று முதலாளியே சொல்வார். மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தான் செய்வது ஒரு கலை என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

பிரிண்ட் எடுப்பதற்கு என் நாலுகோடு நோட்டிலிருந்துதான் தாள் கிழிப்பார். அந்தத் தாள்தான் தோதான மெல்லிசு. அதற்குப் பதிலாக எனக்கும் எடுக்கக் கற்றுக் கொடுத்தார். முதலில் காசில், பிறகு வண்டியில். அவர் ராவப்போகும் எண்களின் மேல் நான் தாளை வைப்பேன்.

"சீக்கிரம் எடுத்துக்கிடு மருமவனே. இன்னும் அரை மணி நேரத்துல இது இந்த ஒலகத்துலயே இருக்காது" என்பார்.

அப்படி இல்லாமல் போன எண்களாகவே பதினைந்து பதினாறு சேர்த்துவிட்டேன்.

நாலாம் வகுப்பில் கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் சேர்த்து வைத்ததைக் கொண்டுவர வேண்டும். சிலர் காய்ந்த இலை, சிலர் தீப்பெட்டிப் படம், ஒருத்தி கிளிஞ்சல். நான் என் பென்சில் பிரிண்டுகளைக் கொண்டுபோனேன். டீச்சர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூலையில் சிவப்பு மையால் ஒரு நட்சத்திரம் போட்டு, சுவரில் ஒட்டச் சொன்னார். எனக்குப் பரிசாக ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் கிடைத்தது. அதுவரைக்கும் அந்த வகுப்பில் நான் ஒருத்தன் இருக்கிறேன் என்று யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

சாயங்காலம் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பார்க்க வந்தார்கள். யாரோ ஒரு பிள்ளையின் அப்பா என் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். முழுக்கைச் சட்டை, வெட்டிவிட்ட மீசை. மற்றவர்கள் கிளிஞ்சலைப் பார்க்கப் போன பிறகும் அவர் நின்றார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"நன்னாயிட்டுண்டு மோனே. இது எவிடுன்னு கிட்டி?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கே கிடைத்தது என்று அவர் இன்னொரு தடவை, இன்னும் அன்பாகக் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் கையை நீட்டினேன். மாடி வகுப்பு அது. குடோன் ஓடுகளுக்கு அப்பால் எங்கள் கடையின் தகரக் கூரையும், மேலே ஏற்றி வைத்த நீல வேனின் கூடும் நன்றாகத் தெரியும். அவர் என் விரலையும் பார்த்தார், கூரையையும் பார்த்தார். நாலு தாள் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். என் படத்தை ஒருவர் கேட்டு வாங்கிப்போகிறார். நான் தலையை எவ்வளவு வேகமாக ஆட்டினேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மாமா நட்சத்திரத்தைப் பார்த்து முதலில் சிரித்தார். அடுத்த தாளைப் பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்தார்.

"இத எங்க வச்சிருந்தாவ?" என்றார் மாமா.

"செவத்துல."

"யாராச்சும் ஏதும் கேட்டாவளா?"

"ஒருத்தர் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

அது பொய் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு தாளைக் கொடுத்ததை மட்டும், திட்டு விழும் என்று மறைத்துவிட்டேன். மாமா மூச்சு விட்டார். "இவன்ட்ட யாரு அத்தான் வார்த்தை வாங்க முடியும்" என்று என் தலையில் தட்டிவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தார். நான் அழுதேன். ஜியாமெட்ரி பாக்ஸ் இருக்கிறதே என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

அடுத்த வாரம் போலீஸ் வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கையில் எண்களோடு வந்து நேராக எண் மாற்றிய மூன்று வேன்களிடம் போனார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். முதலாளியைக் கொண்டுபோய் இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். அவருக்கு ஸ்டேஷனிலும் வேண்டப்பட்டவர் ஒருவர் இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை முதலாளி கடைக்கு வந்தார். மாமா கிரைண்டர் கல் வாங்கத் தோப்பும்படிக்குப் போயிருந்தார். அப்பா ஒரு கியர் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஒரு டயருக்குள் உட்கார்ந்திருந்தேன். முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை. எனக்கு எப்போதும் மிட்டாய் தருவார், அன்றைக்கும் தந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

நாலு கோடு. கறுப்பு. வெள்ளை எண்கள். மூலையில் சிவப்பு நட்சத்திரம்.

"நம்மளெ ஒற்றியதாணு, அண்ணாச்சி. இந்தப் பணி இவிடெ ஒராளுக்கே அறியூ. நிங்கட அளியன் அல்லே?"

நம்மைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இந்த வேலை இங்கே ஒருத்தனுக்குத்தான் தெரியும், உன் மைத்துனன்தானே என்று கேட்கிறார். காட்டிக் கொடுத்த பேச்சு எனக்குப் புரியவில்லை. என் படம் முதலாளி வரைக்கும் போயிருக்கிறது, அதை மாமா எடுத்ததாக அவர் நினைக்கிறார் என்பது மட்டும்தான் புரிந்தது. என்னுடையது என்று சொல்ல, ஆச்சரியம், எனக்கு வாய் திறந்தது. அதற்குள் அப்பாவின் கை என் வாய் மேல் வந்து விழுந்தது. மண்ணெண்ணெயும் கிரீஸும் நாறிய கை. என்னைத் தன் காலோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார்.

"செக்கன் எந்தா பறயுன்னே?" என்றார் முதலாளி.

"பசிக்குன்னு சொல்லுதான்" என்றார் அப்பா.

முதலாளி காத்திருந்தார்.  தூணில் ஓர் ஆணி, அதில் மாமாவின் வேலைச் சட்டை தொங்கியது. அப்பா அதை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். முதலாளியும் அந்தச் சட்டையைப் பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். போகும்போது தன் டிரைவரிடம், "கொட்டேஷன் கொடுத்தேக்கு" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கவும் அந்த வருடம் கொட்டேஷன் கேட்டிருந்தார்கள். கடைக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆள் வைத்து வெட்டுவதற்கும் இந்த ஊரில் அதே பெயர் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு அப்பா மேல் கோபம். நான் எடுத்ததை மாமா எடுத்ததாகக் காட்டிவிட்டார் என்று. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்பா கரிமீன் வாங்கி வந்தார். பெரிய மீனை எடுத்து மாமாவின் தட்டில் அவரே வைத்தார். அப்பா யாருக்கும் பரிமாறி நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஊருக்கு ஒரு எட்டு போயிட்டு வாயேன் மாப்ள" என்றார்.

"என்ன அத்தான், பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கியளா?"

அம்மா சிரித்தாள். "அந்த முகரைக்கு இந்த மீனே ஜாஸ்தி" என்றாள். அப்பா இன்னொரு தடவை சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாமா ஓடிப்போய்விட்டால் அவர்கள் அடுத்து யாரைக் கேட்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இதை நான் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது சின்ன மீன் என்பதுதான் என் குறை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தோப்பும்படிப் பாலத்தின் அடியில், சாயாக்கடைக்கு எதிரில், பஸ்ஸும் ஆளும் போய்க்கொண்டிருக்கும்போதே மாமாவை வெட்டினார்கள். நாலு பேர். லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் தீட்டிச் செய்த வாள். வலது கையில் கட்டைவிரல் தவிர நாலு விரலும் போயின. இடது கால் நரம்பும் போயிற்று. ஒரு கையால் பென்சில் பிடிக்கவும் ஒரு காலால் ஓடவும் இனி முடியாது என்று பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். சாட்சி சொல்ல யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். நான் ஜியாமெட்ரி பாக்ஸைக் கையிலேயே வைத்திருந்தேன். மாமாவின் கை ஒரு வெள்ளை மூட்டையாகத் தலையணை மேல் கிடந்தது. அம்மா சுவரில் முட்டி அழுதாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். உரித்து, சுளை பிரித்து, நார் எடுத்து, கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மாமா கண்ணைத் திறந்து முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"நான் சொல்லல அத்தான்" என்றார்.

அப்பாவின் கையிலிருந்து சுளைகள் தரையில் விழுந்தன. எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். தம்பி போலீஸிடம் ஒன்றும் சொல்லவில்லை, அநியாயமாக வெட்டிவிட்டார்கள் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். இத்தனை வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

மாமாவை ஊருக்கு அனுப்பினார்கள். அந்த வருடத்தோடு அப்பா என் படிப்பை நிறுத்தினார். எழுதினது போதும் என்றார். என் நோட்டுகளையெல்லாம் காயலில் போட்டார். ஜியாமெட்ரி பாக்ஸ் எப்படியோ தப்பியது; அதில் அம்மா ஊசி நூல் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்பா சாகும்வரை என் முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு. நான் துணி தேய்க்கும் கடைக்கு வேலைக்குப் போனேன். இன்றைக்கும் தேய்த்துத்தான் பிழைக்கிறேன்.

போன மாதம் ஒரு கிழவர் கல்யாணத்துக்குப் போக ஒரு வெள்ளை வேட்டியைத் தேய்க்கக் கொண்டுவந்தார். பேச்சுவாக்கில் தோப்பும்படியில் சாயாக்கடை வைத்திருந்தவர் என்று தெரிந்தது. என்னை யார் மகன் என்று கேட்டார். பிறகு நான் கேட்காமலே சொன்னார். அவர் சாகும் வயதில் இருக்கிறார். பயம் போய்விட்டது போலிருக்கிறது.

"வெட்டுன்னதினு முன்பு ஒரு கடலாசு காணிச்சு மோனே. நீயாணோ இது எடுத்ததுன்னு சோதிச்சு. அவன் கொறே நேரம் நோக்கி. பின்னெ பறஞ்ஞு, ஞான் தன்னென்னு. அப்பழாணு வெட்டியது."

காகிதத்தைக் காட்டினார்கள். நீதானா எடுத்தது என்று கேட்டார்கள். மாமா வெகுநேரம் பார்த்துவிட்டு, நான்தான் என்றாராம்.

மூலையில் அந்தச் சிவப்பு நட்சத்திரம் இருந்திருக்கும். யார் எடுத்தது என்று அதைப் பார்த்ததுமே மாமாவுக்குத் தெரிந்திருக்கும்.

இஸ்திரிப் பெட்டி வேட்டியைச் சுட்டுவிட்டது. கிழவரிடம் மன்னிப்புக் கேட்டேன். 

அம்மா இன்னும் ஞாயிறுதோறும் தம்பியோடு போனில் பேசுகிறாள். கடைசியில் போனை என்னிடம் கொடுப்பாள். "என்ன மருமவனே, எப்படி இருக்க" என்பார் மாமா. இருக்கேன் மாமா என்பேன். அதற்கு மேல் எனக்கு வராது. இன்று காலையும் அப்படித்தான்.

நான் சொல்லல அத்தான் என்று மாமா ஆஸ்பத்திரியில் சொன்னது போலீஸைப் பற்றி இல்லை. அப்பாவுக்கு அது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஜியாமெட்ரி பாக்ஸை வைத்துக்கொண்டு கட்டிலடியில் நின்ற எனக்குப் புரியவில்லை. உருண்டு வந்த ஆரஞ்சுச் சுளை ஒன்றை யாரும் பார்க்காதபோது எடுத்துத் துடைத்துத் தின்றேன். இனிப்பாக இருந்தது.

ஆவணி ஒன்று, இங்கே சிங்க மாதம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை.