வேறு குடி, ஒரே ரத்தம்

1. கொழும்புக்குப் பாடம் எடுத்தது

பவளம் என்னிடம் முதன்முதல் வந்த நாளில் நான் மிகவும் கெட்டிக்காரனாக இருந்தேன். அந்த வியாதி பிறகு குணமாகிவிட்டது.

சுனாமிக்கு முந்திய காலம். மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. கொழும்பிலிருந்து தலசீமியா என்ற பரம்பரை ரத்த வியாதி பற்றி ரிசேர்ச் ஒன்று வந்திருந்தது. தாய், தகப்பன் இருவரும் அதைச் சுமக்கிற கேரியர் என்றால் பிள்ளைக்கு அந்த வியாதி வரலாம். வந்தால் மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். கேரியருக்கு ஒரு நோவும் இராது, சோதித்தால்தான் தெரியும். நான் ரத்தம் எடுத்து, ஐஸ் வைத்த ரெஜிபோம் பெட்டியில் ஒரு படிவத்தோடு அனுப்ப வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வி: இரத்த உறவில் திருமணமா? 'ஆம்' என்றால் இருவருடைய சகோதரங்களிடமும் ரத்தம் எடுக்க வேண்டும். 'இல்லை' என்றால் தாய், தகப்பன், பிள்ளையோடு வேலை முடிந்தது.

பவளம் கொக்கட்டிச்சோலைப் பக்கம். வாவியைக் கடந்து வந்திருந்தாள். மடியில் வெளிறிப்போன மகன், துசியன்.

"புருசன் ஒரே ரத்தமா புள்ள?"

"சீ, என்ன சேர் இப்பிடிக் கேக்கிறீங்க? அவர் வேற குடி. ஒரு குடிக்குள்ள கட்டினா ஊரே காறித் துப்பும்."

எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியில் வருவது. ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை முறை, கலியாணம் கிடையாது. வேறு குடி என்றால் ரத்தம் வேறு. நானும் அப்படி வளர்ந்தவன்தான். என் மனைவி என் சொந்த மாமாவின் மகள். அவள் மாமியின் குடி, நான் அம்மாவின் குடி. ஆகவே எங்களுக்குள் ரத்த உறவில்லை என்று டிப்ளோமா எடுத்த பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன். 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

சில மாதத்தில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தாயிடமும் தகப்பனிடமும் ஒரே மரபணுப் பிழை, அதுவும் அரிதானது. உறவினராக இருக்கக்கூடும், மீண்டும் விசாரிக்கவும். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் சனத்தைப் பற்றிக் கொழும்பு எனக்குச் சொல்வதா? பவளத்தை இன்னொரு தரம் கேட்காமலே பதில் எழுதினேன்: 'இவ்வூர் வழமைகளை நன்கறிந்தவன் என்ற முறையில், உறவில்லை என உறுதிப்படுத்துகிறேன்.' அந்த வசனத்தை இரண்டு தரம் வாசித்து ரசித்தும் இருக்கிறேன்.

2. கடல் கொண்டுபோகாதது

சுனாமி லேபுக்குள்ளும் வந்தது. மைக்ரோஸ்கோப்புகள், பதிவேடுகள் எல்லாம் சேறாயின. அதன்பிறகு பல வருடம் எங்கள் அரசாங்கக் கந்தோர்களில் தேடிக் கிடைக்காத எல்லாமே சுனாமியில் போனவைதான், சுனாமிக்குப் பிறகு எழுதியவைகூட. ரிசேர்ச் ஃபைல் மட்டும் அலுமாரியின் மேல்தட்டில் நனையாமல் கிடந்தது.

அடுத்த வருடம், துசியனுக்கு ரத்தம் ஏற்ற வந்த பவளம் லேபுக்குப் பலகாரம் கொண்டுவந்தாள். தங்கை ரஞ்சினிக்குக் கலியாணமாம். மாப்பிள்ளை பவளத்தின் புருசனுடைய தம்பியாம். நன்றாயிருக்கிறது என்று சொல்லி இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு வாவிக்கு அப்பால், பவளத்தின் ஊர்ப் பக்கம், படுவான்கரையில் சண்டை. தோணித்துறை மூடிவிட்டது. துசியனுக்கென்று பெயர் எழுதி வைத்த ரத்தப் பை காலாவதியாகப் போகிறதே என்று வேறொருவருக்குக் கொடுத்தோம். அடுத்த மாதமும் அப்படித்தான். மூன்றாம் மாதம் பெயர் எழுதவில்லை. அந்த மாதம்தான் பிள்ளை இறந்தது என்று வெகு நாளைக்குப் பிறகு தெரிந்தது.

3. மேல்தட்டு

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் ரஞ்சினி கிளினிக்குக்கு வந்தாள். கையில் எட்டு மாதக் குழந்தை. நிறத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

டொக்டர் அம்மா வெளியூர்க்காரர். அதனால்தான் சரியான கேள்வியைக் கேட்டார். "உங்கட அம்மாவும் மாப்பிள்ளைட அப்பாவும் சொந்தமா?"

"கூடப் பிறந்தவங்க டொக்டர். மாமாட மகன்மாரைத்தானே அக்காவும் நானும் கட்டினது."

டொக்டர் அம்மா என் பக்கம் திரும்பினார். "அக்காட ஃபைல் சுனாமில போயிரிக்கும் என்ன?"

ஓம் என்று ஒரு சொல் போதும். ஊரே சொல்கிற பொய். வாயைத் திறந்தால், "இல்ல, இரிக்கு" என்று வந்தது.

ரஞ்சினி படிவத்தையும் கடிதங்களையும் நிதானமாக வாசித்தாள்.

"இது ஆர்ட எழுத்து?"

"என்ட."

"அண்டைக்கு என்டையும் அவர்டையும் எடுத்திரிந்தா தெரிஞ்சிரிக்குமா சேர்?"

"ஓம் புள்ள."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். "என்ட தம்பிக்கும் மாமாட கடைசி மகளைத்தான் பேசியிரிக்கு" என்றாள். "அவங்கள்ட ரத்தத்தையாவது எடுங்க."

எடுத்தோம். இருவரும் கேரியர்.

ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு நானே துறையைக் கடந்து ரஞ்சினியின் மாமாவிடம் போனேன். வயல் வட்டையில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வரம்பில் ஏறினார்.

"வாங்க ஊசிக்காரத் தம்பி. ஆருக்குக் குத்த வந்திரிக்கீங்க?"

படம் கீறி விளங்கப்படுத்தினேன். அவருடைய ரத்தமும் அவர் தங்கையின் ரத்தமும் ஒன்று, அதுதான் இரண்டு பக்கத்தாலும் இறங்கி வருகிறது என்றேன். மனிதர் கவனமாகத்தான் கேட்டார்.

"என்ட புள்ளைகள் என்ட குடியில்லையே தம்பி. அதுகள் தாய்ட குடி. மறுகா எப்பிடி ஒரே ரத்தம்?"

"குடி வேற, ரத்தம் வேற ஐயா."

"அப்ப நீங்க ஏன் அண்டைக்கு உறவில்ல எண்டு கொழும்புக்கு எழுதின நீங்க? ஒருக்காவா, ரெண்டு தரம். ரஞ்சினி சொன்னவள். படிச்ச மனிசன், யோசிக்காமலா எழுதியிரிப்பீங்க?"

நான் ரிசல்ட்டை மடித்து வைத்தேன். அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

லேபுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, ரத்த உறவா என்று எங்கள் சனத்திடம் கேட்காதீர்கள். அவர்கள் பொய் சொல்லாமலே இல்லை என்பார்கள். "உங்கட அம்மாவும் அவர்ட அப்பாவும் ஒரு வயித்துப் புள்ளைகளா?" என்று கேளுங்கள். உங்களுக்குப் பதில் தெரியும் என்று நினைத்தால் கட்டாயம் கேளுங்கள்.

ஆவணியில் ரஞ்சினியின் தம்பிக்கும் மாமாவின் கடைசி மகளுக்கும் கலியாணம் என்று அழைப்பிதழ் வந்தது. என் பெயருக்குப் பின்னால் 'குடும்பத்தினர்' என்றும் போட்டிருந்தார்கள். மேல்தட்டு ஃபைலில், என் கடிதத்துக்குப் பின்னால் அதைக் கிளிப் போட்டு வைத்தேன்.