மஞ்சள் தண்ணீரில் அலசிய தோல்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். காஜா பேராங் பஸ் கொட்டகையில் பெட்ரோல் ஊற்றுவது என் வேலை. மழைக்காலத்தில் பீப்பாய்க்குள் எப்படியோ தண்ணீர் இறங்கிவிடும். அதனால் புனல் வாயில் மெல்லிய ஆட்டுத்தோலைக் கட்டித்தான் ஊற்றுவோம். தோலை முதலில் பெட்ரோலில் ஊறவைக்க வேண்டும். பிறகு பெட்ரோல் மட்டும் இறங்கும், தண்ணீர் மேலேயே உருண்டு நிற்கும். முதலில் தண்ணீரைக் குடித்த தோல் தண்ணீரையே உள்ளே விடும்.

கொட்டகைக்குள் ஆயுத பூஜை செய்யச் சீன முதலாளி தௌக்கேயிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தார், எங்களை வேலை வாங்கும் மண்டோர். பெண்கள் வந்து சாமான்களைக் கழுவினார்கள். என் மனைவியும் வந்தாள். ஸ்பேனர், ஜாக்கி, புனல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் நான் வருவதற்குள் டிரைவரே பெட்ரோல் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். செமாபோக் போகும் வழியில் பஸ் இருமி இருமி நின்றது. சனங்கள் மழையில் நனைந்தபடி நடந்தார்கள்.

"என்னய்யா இது, சாமி கும்பிட்ட மறுநாளே வண்டி படுத்துக்கிச்சு!" என்றார் மண்டோர். "இனிமே இங்க பூஜையே வேணாங்கிறாரு தௌக்கே."

நாள் முழுக்கப் பஸ்ஸுக்கு அடியில் கிடந்து டாங்கியைக் காலி செய்தேன். அடியில் தண்ணீர். தோலை முகர்ந்தால் மஞ்சள் வாசம். இடுப்பு ஒடிந்து வீட்டுக்குப் போனேன்.

"அந்தத் தோலக் கழுவுனியா?"

"பின்ன? சாமிக்கு முன்னாடி வைக்கிறது, பெட்ரோல் மினியாக் நாத்தம் அடிக்கலாமா? மஞ்சத் தண்ணில நல்லா அலசுனேன்."

விஷயத்தைச் சொன்னேன். "அப்ப பூஜ நின்னுடுமாங்க?"

எனக்குத் திட்டவும் தெம்பில்லை. ஆசையாய்ச் செய்தவளை என்னவென்று திட்டுவது?

மழை விட்டதும் தோலைக் காயவைத்து, பெட்ரோலில் ஊறவைத்து, முதலாளியின் கண்ணெதிரே வடிகட்டிக் காட்டினேன். தண்ணீர் மேலே முத்து முத்தாக நின்றது. குனிந்து பார்த்தார்.

"பொலே," என்றார். செய்யலாம் என்று அர்த்தம். "பூஜா பொலே. கூலிட் ஜாங்ஙான் சூச்சி."

"தோலை மட்டும் கழுவக் கூடாதாம்," என்று மண்டோர் சிரித்தார்.

அடுத்த வருஷமும் பூஜை நடந்தது. கற்பூரம் ஏற்றும் இடத்தில் பெட்ரோல் ஆகாது என்று, தோல் இருந்த மூடி போட்ட டின்னை வெளியே தூரமாய் வைத்தோம். எல்லாம் முடிந்தபின் என் மனைவி அங்கே போனாள். தண்ணீர் தெளிக்கவில்லை, தீபம் காட்டவில்லை. மூடிமேல் ஒரு செம்பருத்தியை வைத்துக் கும்பிட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாத்தம் தாங்கலங்க," என்றாள்.