கூரையைத் தொடாத சுவர்கள்

நேற்று கரந்தையில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். எழும்பிய சுண்ணாம்புத் தூசியின் வாசனை, சிறுவயதில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. ஒன்றோடொன்று ஒட்டிய ஆறு ஓட்டு வீடுகள். நடுச்சுவர்கள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிட, ஒரே கூரை எல்லார் தலைக்கும் மேலே நீண்டு கிடக்கும், அதனால் ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீடும் தும்மும், ஒரு குழந்தை இருமினால் பக்கத்து வீட்டிலிருந்து கஷாயம் வரும்.

மன்னார்குடிப் பக்கம் கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்துவிட்டு அந்த லைன் வீட்டில் வந்து ஒதுங்கியிருந்த அப்பாவைத் தேடி, ஒரு சாயங்காலம் மிராசுதாரின் ஆட்கள் தெருமுனைக்கே வந்துவிட்டார்கள். அம்மா வாசல் கதவைத் தாழிட்டாள். பக்கத்து வீட்டு மரகதம் அக்கா முக்காலியில் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணே, இப்படி ஏறி வந்துடுங்க" என்றார். அப்பா சுவர் சுவராக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ முக்காலி போட்டுத் தாங்கினார்கள். கடைசி வீட்டுக் கொல்லை வழியாக வடவாற்றங்கரைக்குப் போய்த் தப்பினார்.

வந்தவர்களுக்கு எல்லா வாசலிலும் ஒரே பதில்: "அப்படி யாரும் இங்க இல்லீங்களே."

கூலிச் சண்டை ஓய்ந்து அப்பா திரும்பிய பிறகு, வீட்டின் சொந்தக்காரர் சுவர்களைக் கூரை வரை எழுப்பித் தருவதாகச் சொன்னார்.

"வேணாங்க, இப்படியே இருக்கட்டும்" என்றாள் அம்மா.