ரிஸ்வான் நானா இரண்டு முறை வரும் படம்

இன்று காலை பிளேன்டீ குடிக்க ரிஸ்வான் நானாவின் கடைக்குப் போனேன். சுவரில் என் படத்தைக் காணவில்லை.

ஹட்டன் நகரம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரியும் அந்த நீளப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மூடுபனி விலகும்வரை எதிர் மாடியில் காத்திருந்து, தெருவில் ஆள் வருமுன் துண்டு துண்டாக எடுத்து, யாரிடமும் உதவி கேட்காமல் நானே கணினியில் ஒட்டியது. ஒட்டிய இடத்தை ஒருவராலும் காட்ட முடியாது.

அதே ஆணியில் இப்போது போன் கடை சுதாகரின் படம் தொங்குகிறது. போனைப் பிடித்தபடி ஒரு தடவை மெல்லத் திரும்பினானாம், படம் வந்துவிட்டதாம். நேற்று நம் பேஸ்புக் குழுவிலும் போட்டிருந்தான்.

வயிறு எரிந்தது. பிழை தேடினேன். கிடைத்தது. பள்ளிவாசல் பக்கம் ஒரு சிவப்புக் குடை. கோயில் பக்கமும் அதே குடை, அதே ஆள்.

“நானா, போன் திரும்புன பக்கமே நீங்களும் நடந்திருக்கீங்க. ஒரே ஆள் ரெண்டு தடவ விழுந்திருக்கு. இதெல்லாம் ஒரு படமா?”

“அதுக்குத்தானே மாட்டுனேன், அண்ணே! வர்றவங்க எல்லாம் என்னய ரெண்டு எடத்துலயும் தேடிப் புடிச்சிட்டுத்தான் டீ கேக்குறாங்க. ஒங்க படத்துல டவுனே காலியா கெடக்கு, கேர்ஃபியூ போட்ட மாதிரி.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே மனிதர் ஒரே படத்தில் இரண்டு இடத்தில் நிற்பது பிழையா, இல்லையா? சொல்லுங்கள்.

சுதாகரின் படத்துக்கு லைக் போட்டவர்கள் பதில் எழுத வேண்டாம். யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.