சாரம் கட்டிய கோயிலைச் சுற்றி வந்தது

எனக்குக் கோவையாக எழுத வராது. படித்தது ஐந்தாவது வரைதான். போன இடங்களின் பெயர்களும் பாதி மறந்துவிட்டன. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, கிரீஸ் நாட்டுப் பழைய கோயில்களைப் பார்க்கப் போனேன். என் தம்பி திருவண்ணாமலையில் டிராவல்ஸ் வைத்திருந்தான். காசிக்கு ஆட்களை அழைத்துப் போய்க்கொண்டிருந்தவன், முதல் தடவையாக வெளிநாட்டுக்கு ஒரு குழு சேர்த்தான். அடி அண்ணாமலைக்கு என் வீடு தேடி வந்து, "நீயும் வாக்கா. இத்தனை வயசுல நீ எதைப் பாத்திருக்க?" என்றான். யாரிடமும் அதிகம் பேசாத நான் தெரு முழுக்கச் சொன்னேன், தம்பி கூட்டிப்போகிறான் என்று.

என் பெட்டியில் அரிசியும் புளிக்காய்ச்சலும் குக்கரும் வைக்கச் சொன்னான். அங்கே ரொட்டிதான் கிடைக்குமாம். தங்கின இடத்தில் அடுப்பு இருந்தது. விடியும் முன்பே எழுந்து எல்லோருக்கும் புளிசாதம் கட்டினேன். நம் ஊர்க்காரர்கள்தானே என்று சந்தோஷமாகவே செய்தேன்.

முதல் நாள் கடலோரத்தில் ஒரு கோயில். மேடு ஏறினால் முட்டி வலிக்கும், பஸ்ஸிலேயே இரு என்றான் தம்பி. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவளுக்கு முட்டிவலி! அக்கறையில் சொல்கிறான் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் ஏதென்ஸ். ஊர் நடுவில் மலை, மேலே கோயில். கும்பாபிஷேகத்துக்குக் கட்டுவதுபோலத் தூண்களைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். இதை விடக்கூடாது என்று நானும் இறங்கினேன். கோயில் என்றதால் மலையடி வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். சுற்றிக்காட்ட வந்த அந்த ஊர்ப் பெண் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்தபோது கையில் சீட்டு இல்லை.

குழுவில் நம் ஊர் டீச்சரம்மா ஒருவர் இருந்தார். "இந்தம்மாவும் வரட்டுமே சார். யாரு இவங்க, உங்க சொந்தமா?" என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. "சமையலுக்கு வந்தவங்க மேடம். அவங்களுக்குச் சீட்டு கிடையாது. கீழ இருப்பாங்க" என்றான்.

சமைத்தது எனக்குப் பெரிதில்லை. கேட்டிருந்தால் அதற்கென்றே வந்திருப்பேன். அக்கா என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லையே.

அவர்கள் மேலே போய்விட்டார்கள். தீபத்தன்று கூட்டத்தில் உள்ளே போக முடியாவிட்டால் மலையைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். அதேபோல் மலையை வலது கைப்பக்கம் வைத்து நடக்க ஆரம்பித்தேன். கல் சுட்டது. குறுக்குச் சந்துகளில் பூனைகள் படுத்திருந்தன. எதிரே வந்தவர்கள் என் வெறுங்காலைப் பார்த்தார்கள். வழி கேட்க பாஷை தெரியாது. மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்து வாசலுக்கே வந்து சேர்ந்தேன். செருப்பு அங்கேயே கிடந்தது. கால் கொப்பளித்திருந்ததால் போட முடியவில்லை.

இறங்கி வந்த தம்பி, "எங்கக்கா போன? வழி தெரியாத ஊர்ல" என்றான், பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

"இப்ப மட்டும் அக்காவா?" என்று கேட்டேன்.

"தொழில் பண்ற இடத்துல அப்படித்தான் சொல்லணும், விடு" என்றான்.

அன்றும் சோறு வடித்தேன். எல்லோருக்கும் என் கையால் பரிமாறினேன், அவனுக்கு மட்டும் பரிமாறவில்லை. தானே போட்டுக்கொண்டான்.

ஊருக்கு வந்ததும், அக்காவுக்குக் கிரீஸ் காட்டினேன் என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொன்னான். மேலே என்ன இருந்தது என்று தெருவில் கேட்டார்கள். தூண் இருந்தது என்று சொல்லிச் சமாளித்தேன். தம்பியிடம் கேட்டிருக்கலாம்; கேட்க மனம் வரவில்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களில் யாராவது அங்கே மேலே போயிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். உள்ளே சாமி இருக்கிறதா, வாசல் எந்தத் திசை, சாரத்தைப் பிரித்துவிட்டார்களா. நான் எழுதியதில் பிசகு இருந்தால் அதையும் திருத்திவிடுங்கள்.