காயத்தில் ஒட்டிய துணி

யாராவது கையிலோ காலிலோ கட்டுப் போட்டுக்கொண்டு எதிரே வந்தால், மாரிக்கனி அத்தை முதலில் துணியைத்தான் பார்ப்பார். ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்து, "இது நம்ம தறி இல்ல" என்பார். அதற்குப் பிறகுதான், "எப்படிப் பட்டுச்சு?" பள்ளிக்கூடத்தில் விழுந்து நான் நெற்றியில் கட்டோடு வந்த நாளிலும் அப்படித்தான்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் விசைத்தறி ஷெட்டில் இருபத்தாறு வருடமாக அவர் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிறார். கல்லூரி முடித்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது. சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்கள் கட்டு மாற்றுவதை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது கேள்வி. பட்டியலில் நாற்பத்தோராவது பெயர் அத்தையுடையது.

இடது கால் பெருவிரலில் புண். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனைக்கு மூன்று தடவை போனவர், அப்புறம் போகவில்லை. இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பஸ் வசதி இல்லையா? கூலி போயிருமா? காத்திருக்க முடியலையா?" படிவத்தில் இருந்தபடி கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லட்டி. எதையாவது ஒண்ண டிக் அடிச்சிட்டுப் போ."

"பொய்யா எழுதச் சொல்லுறீகளா அத்தை?"

"ஆமா, பெரிய கலெக்டரு இவ."

பேனாவை மூடினேன். அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"துணி புண்ணுல ஒட்டிக்கிடுது. பிச்சு எடுக்கையில உசுரு போகுது. தொட்டுப் பாத்தேன், எங்க ஷெட்டுத் துணி. நூலுல என்னமோ கோளாறு. எழுதிப்புடாத. ஆர்டர் நின்னா ஒம்பது பொம்பளைக வேல போயிரும்."

இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? மறுநாள், மருத்துவமனையில் கட்டு மாற்றும் இம்மானுவேல் அண்ணனிடம் கேட்டேன்.

"துணி என்னம்மா பண்ணும்? காஞ்சா ஒட்டத்தான் செய்யும். சலைன் தண்ணி ஊத்திப் பத்து நிமிசம் ஊறவிட்டு எடுக்கணும். மத்தியானத்துக்குள்ள எழுபது பேரு. எனக்கு எங்க பத்து நிமிசம்?"

அத்தையிடம் சொன்னதும் முதலில் முகம் தெளிந்தது. பிறகு கோபம் வந்தது.

"அடப்பாவிகளா! வரிசையில ரெண்டு மணி நேரம் சும்மாதான உக்காந்திருக்கோம். டோக்கன் குடுக்கையிலயே ஊத்திவிட்டா, மொற வாரதுக்குள்ள ஊறிராதா?"

எங்கள் ஆய்வுக் குழுவில் ஐந்து பேர் இருந்தோம். ஒருவருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. நாங்கள் எடுத்துச் சொன்னதும் மருத்துவமனையில் இரண்டு மாதம் அப்படிச் செய்து பார்த்தார்கள். வராமல் நின்றுபோனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். அத்தையும் வந்தார். விரல் தப்பியது, நகம் மட்டும் போனது.

கடைசிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அத்தை கேட்டார்: "துணியில தப்பு இல்லன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. ஷெட்டுல ஒட்டணும். என்னைய மாதிரிதான் மத்தவளுகளும் நெனச்சுக்கிட்டு இருக்காளுக. வாயால சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டா."

அறிக்கை வெளிவந்ததும் தருகிறேன் என்றேன். வெளிவந்து ஐந்து மாதமாகிறது. ஆங்கிலத்தில் நாற்பது பக்கம். அத்தையின் யோசனை பதினேழாம் பக்கத்தில் 'குழுவின் பரிந்துரை' என்று இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

அவர் கேட்டது தமிழில் ஒரு பக்கம். தினமும் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடக்கிறேன். அந்தத் தாளை இன்னும் கொடுக்கவில்லை.