யாராவது பார்க்கிறீர்களா?

தி. நகர் அலுவலகத்தில் என் வேலை, ஒரு நெட்வொர்க் கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுவது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'கட்டாயம்' அல்லது 'இருந்தால் நல்லது' என்று போட வேண்டும். அந்த இரண்டுக்காகவும் நான் மேலாளரோடு போட்ட சண்டையை வைத்து ஒரு சீரியலே எடுக்கலாம்.

பெசன்ட் நகர் குடியிருப்பு ஒன்றுக்கு இணைய வழி டிவி கொடுக்கும் வேலை வந்தது. மல்டிகாஸ்ட் முறை. நிகழ்ச்சி ஒருமுறைதான் கிளம்பும். 'எனக்கும்' என்று கேட்ட டிவி பெட்டிகளுக்கு மட்டும் நடுவில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சுகள் பிரித்துக் கொடுக்கும். ஆனால் ஒரு சுவிட்சாவது அவ்வப்போது 'யாராவது பார்க்கிறீர்களா?' என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்காவிட்டால் பெட்டிகள் வாய் திறக்காது. சில நிமிடம் பதில் இல்லையென்றால் பார்க்க ஆளில்லை என்று நிகழ்ச்சி நிறுத்தப்படும். விசாரிக்கும் வசதி கட்டாயம் என்றேன்.

"எல்லாத்தையும் கட்டாயம்னு போட்டா எவன்பா சப்ளை பண்ண வருவான்? நல்லாதான ஓடிக்கினு கீது!" என்றார் கோடம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த மேலாளர்.

அலுவலகத்தில் சோதனைக்கு வைத்த மாதிரியில் ஓடத்தான் செய்தது. எங்கள் ஊரில் டிவியைச் சோதிப்பது என்றால் ஒரு சினிமாப் பாட்டு போட்டுப் பார்ப்பதுதான். பாட்டு முடிந்தது, கை தட்டினார்கள், டீக்குக் கிளம்பினார்கள். 'இருந்தால் நல்லது' என்றே வரி போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் குடியிருப்பில்தான் என் அத்தை இருக்கிறாள். முழங்கால் வலி, படியிறங்க முடியாது. மயிலாப்பூர் சபாவில் அவள் மகளின் முதல் கச்சேரியை டிவி நேரலையில்தான் பார்த்தாக வேண்டும். அதற்கு முந்தின நாள் காலை போன் செய்தாள்.

"என்னடா இது, சினிமா பார்த்துண்டிருந்தேன், ஒரு பாட்டு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல நின்னுபோறது. சேனலை மாத்திட்டு வந்தா திரும்ப வரது. நாளைக்கு அவ பாடறச்சே நின்னா நான் என்னடா பண்ணுவேன்?"

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. சேனலை மாற்றினால் பெட்டி புதிதாக 'எனக்கும்' என்று கேட்கும், அதனால்தான் திரும்ப வருகிறது. மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"நாம ஒரு பாட்டோட எழுந்து போய்ட்டோம், இல்ல நைனா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, அவரே 'கட்டாயம்' என்று மாற்றினார். நல்லவேளை, வாங்கிப் போட்ட சுவிட்சில் அந்த வசதி இருந்தது. யாரும் இயக்கி வைக்கவில்லை. சாயங்காலமே போய் இயக்கினேன்.

மறுநாள் கச்சேரி பார்க்க அவள் வீட்டுக்கே போனேன். அத்தை என்னை நம்பவில்லை. ரிமோட்டை டிவிக்கு நேரே நீட்டிக்கொண்டே வர்ணம் முழுவதையும் கேட்டாள். அடுத்து ஆலாபனை. அது நீண்டுகொண்டே போனது, படம் நிற்கவில்லை. அவள் மகள் கண்ணை மூடி மேல் ஷட்ஜத்தில் நின்றாள். கீர்த்தனை தொடங்கியதும் அத்தை ரிமோட்டைச் சோபாவில் போட்டுவிட்டு, அதே கையால் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள்.